எலி விழுந்த பிறகு: கறுப்புச் சாவு பற்றி வாசகர் கேள்விகள்

1346 முதல் 1353 வரை ஐரோப்பாவையும் மேற்கு ஆசியாவையும் வட ஆப்பிரிக்காவையும் வாரிச் சுருட்டிய பிளேக் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்து வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: எங்கள் ஆச்சிக்குக் கோபம் வந்தால் "கொள்ளையில போவான்", "பேதியில போவான்" என்று ஏசுவாள். அந்தக் கொள்ளை, இந்தக் கறுப்புச் சாவுதானா?
*வாசகி, கல்லிடைக்குறிச்சி*

இல்லை. ஆச்சி ஏசுவது வாந்திபேதியை வைத்து, அதாவது காலரா. கொள்ளை என்பது ஒரு நோயின் பெயரே இல்லை. ஊரை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகிற எதையும் நம் பக்கத்தில் கொள்ளை என்றுதான் சொன்னார்கள். 19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையை அப்படி அள்ளியது பேதிதான். தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) பசியோடு அதுவும் சேர்ந்துகொண்டது.

இரண்டையும் ஒன்றாக நினைத்தால் காவலும் தப்பாகப் போகும். பேதி தண்ணீர் வழியாக வருவது, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால் தடுக்கலாம். பிளேக் தெள்ளுப்பூச்சி வழியாக வருவது. அதற்கு எவ்வளவு வெந்நீர் குடித்தும் பயன் இல்லை.

கறுப்புச் சாவு என்ற பெயரும் அன்றைய மக்கள் வைத்ததல்ல. அவர்கள் "பெருஞ்சாவு", "கொள்ளைநோய்" என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள். கறுப்பு என்ற அடைமொழி பரவலானது சில நூற்றாண்டுகள் கழித்து.

கேள்வி: ஒருவர் எலி என்கிறார், ஒருவர் தெள்ளு என்கிறார், ஒருவர் கிருமி என்கிறார். உண்மையான காரணம் எது? படிப்படியாகச் சொல்ல முடியுமா?
*கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை*

மூன்றும்தான். ஆனால் நடுவில் இருக்கிற தெள்ளுதான் கண்ணி. அதை விட்டுவிட்டுப் பேசினால் எதுவும் விளங்காது.

கிருமியின் பெயர் யெர்சினியா பெஸ்டிஸ். 1894இல் ஹாங்காங்கில் பிளேக் பரவியபோது அலெக்சாந்தர் யெர்சின், நோயாளிகளின் கட்டியிலிருந்து அதைப் பிரித்துக் காட்டினார். அது மனிதனுக்குள் எப்படிப் போகிறது என்பதை 1898இல் கராச்சியில் காட்டியவர் பால் லூயி சீமோன். தெள்ளு மண்டிக் கிடந்த நோய் எலி ஒன்றைப் பெரிய கண்ணாடிச் சாடிக்குள் விட்டார். அது சாகப்போகிற நேரத்தில், நல்ல எலி ஒன்றைக் கம்பிக்கூட்டில் வைத்து அதே சாடிக்குள் மேலே தொங்கவிட்டார். இரண்டும் தொட்டுக்கொள்ளவே வழி இல்லை. செத்த எலியின் உடம்பு ஆறியதும் தெள்ளுகள் அதை விட்டு மேலே தாவின. ஐந்தாறு நாளில் கூட்டிலிருந்த எலியும் பிளேக்கில் செத்தது. அன்று இதை நம்பியவர்கள் குறைவு. பத்து ஆண்டுக்குள் பம்பாயில் இந்தியப் பிளேக் ஆராய்ச்சி ஆணையம் இன்னும் துல்லியமாகச் சோதித்தது. நோய் கண்ட இடத்தில் தரையிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் கூண்டைத் தொங்கவிட்டால் உள்ளே இருந்த விலங்குக்குப் பிளேக் வந்தது. இரண்டு அடி உயரத்தில் தொங்கவிட்டால் வரவில்லை. தெள்ளு எம்பும் உயரம் அவ்வளவுதான். பட்டாசலில் பாய் விரித்துப் படுப்பவருக்கும் கட்டிலில் படுப்பவருக்கும் உள்ள வித்தியாசம் அந்த இரண்டு அடிக்குள் அடங்கிவிடுகிறது.

இனி தெள்ளின் வயிற்றுக்குள் நடப்பது. அதன் இரைப்பைக்கு முன்னால் முள் முள்ளாக ஒரு சிறிய பை உண்டு. நோய் எலியின் ரத்தத்தோடு உள்ளே போன கிருமி அங்கே பெருகி, பசைபோல் இறுகி, வழியை அடைத்துவிடும். அதன் பிறகு தெள்ளு எவ்வளவு உறிஞ்சினாலும் ரத்தம் இரைப்பைக்குள் இறங்காது. பசி தாங்காமல் திரும்பத் திரும்பக் கடிக்கும். உறிஞ்சிய ரத்தம் அடைப்பில் மோதி, கிருமியையும் கூட்டிக்கொண்டு கடிவாய்க்கே திரும்பிவிடும். வயிறு நிறைந்த தெள்ளைவிடப் பட்டினித் தெள்ளு ஆபத்தானது இதனால்தான். சில நாளில் அதுவும் பசியால் சாகும், ஆனால் அதற்குள் பலரைக் கடித்திருக்கும்.

கடிவாயில் இறங்கிய கிருமி பக்கத்து நெறிக்குப் போகிறது. காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுமே, அதே இடம். தெள்ளு அதிகம் கடிப்பது காலில் என்பதால் கட்டியும் அதிகம் அங்கேதான். அக்குளிலும் கழுத்திலும் வருவதுண்டு. ஆனால் முள் குத்தியதற்குக் கட்டும் நெறியைத் தொட்டுப் பார்க்கலாம். பிளேக் நெறியைத் தொட விடமாட்டார்கள், அவ்வளவு வலி. கோழிமுட்டை அளவுக்கு வீங்குவதும் உண்டு. கூடவே திடீர்க் காய்ச்சல், நடுக்கம், தலைவலி, பிதற்றல். மருந்து கொடுக்காவிட்டால் நூற்றுக்கு 30 முதல் 60 பேர் வரை சாவார்கள். கிருமி நுரையீரலுக்கு ஏறிவிட்டால் கதையே வேறு. இருமலில் தெறிக்கும் துளி வழியாக ஆளிடமிருந்து ஆளுக்கு நேராகத் தொற்றும், எலியும் வேண்டாம், தெள்ளும் வேண்டாம். மருந்தில்லாமல் அதில் பிழைப்பவர் அநேகமாக இல்லை. போப்பாண்டவரின் மருத்துவர் கி த ஷோலியாக், 1348இல் அவிஞோன் நகரில் இந்த இரண்டு வகையையும் பிரித்துப் பார்த்து எழுதியிருக்கிறார். ரத்தம் துப்பினவர்கள் மூன்று நாளில் போனார்கள், நெறி கட்டினவர்கள் ஐந்து நாளில் போனார்கள் என்று கணக்குச் சொல்கிறார். கிருமி என்ற பேச்சே இல்லாத காலத்தில் அவர் கண் பிடித்த வித்தியாசம் அது.

நாள் கணக்கையும் பாருங்கள். ஓர் ஊருக்குள் நோய் எலி வந்து, அங்குள்ள எலிக்கூட்டம் செத்து முடிய 10 முதல் 14 நாள். எலி கிடைக்காமல் தெள்ளுகள் தவித்து மனிதன்மேல் தாவ ஏறக்குறைய 3 நாள். கடிபட்டவர் படுக்க 3 முதல் 5 நாள். படுத்தவர் சாக 3 முதல் 5 நாள். ஆக, முதல் சாவு விழும்போது நோய் ஊருக்குள் நுழைந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். ஆரோக்கியமாகக் கிளம்பிய கப்பல் பிணங்களோடு கரைசேர்ந்ததற்கும் இந்த மூன்று வாரம்தான் காரணம்.

வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்கிறோம். கிர்கிஸ்தானில் இசிக்குல் ஏரிப் பக்கத்து இடுகாட்டில் 1338, 1339ஆம் ஆண்டுக் கல்லறைகள் திடீரென்று பெருகியிருக்கின்றன, சிலவற்றில் "கொள்ளைநோயால் இறந்தார்" என்று சிரியாக் எழுத்தில் வெட்டியிருக்கிறது. அங்கே புதைக்கப்பட்டவர்களின் பல்லிலிருந்து கிருமியின் மரபணுவை எடுத்து 2022இல் வெளியிட்டார்கள். 1346இல் கருங்கடல் கரையில் காஃபா. 1347 அக்டோபரில் சிசிலியின் மெசினா, நவம்பரில் மார்செய். 1348இல் ஃபுளோரன்ஸ், பாரிஸ், கோடையில் இங்கிலாந்து. 1353இல் மாஸ்கோ. காஃபாவை முற்றுகையிட்ட மங்கோலியர்கள் பிணங்களைக் கவண் வைத்து உள்ளே எறிந்ததால் பரவியது என்று ஒரு கதை பாடப்புத்தகம்வரை வந்துவிட்டது. அதை எழுதியவர் இத்தாலியில் இருந்தவர், நேரில் பார்த்தவர் அல்லர். பிணம் ஆறினால் தெள்ளு அதில் தங்காது. கோட்டைக்குள்ளும் வெளியேயும் ஓடிய எலியும், கருங்கடலிலிருந்து கோதுமை ஏற்றிய கப்பலும் போதுமே.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐஸ்லாந்தில் அன்று எலியே இல்லை என்கிறார்கள், ஆனாலும் 1402இல் அங்கே பிளேக் பாய்ந்தது. மனிதனுடைய தெள்ளும் உடைப்பேனும்கூட நோயைக் கடத்தியிருக்க வேண்டும் என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. எல்லா இடத்துக்கும் ஒரே வழி என்று நாமும் சாதிக்க வேண்டியதில்லை.

கேள்வி: பூனைகளைக் கொன்றதால்தான் எலி பெருகிப் பிளேக் வந்தது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?
*வாசகர், சங்கரன்கோவில்*

அப்படி ஊர் ஊராகப் பூனையைக் கொன்றதற்கு ஆதாரம் கிடையாது. பூனைக்கே பிளேக் வரும், அதனிடமிருந்து மனிதனுக்கும் வரும். அதே செய்தியில் பறவை மூக்கு வைத்த முகமூடி மருத்துவர் படமும் வந்திருக்கும். அந்த உடை 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கறுப்புச் சாவுக்கு முந்நூறு ஆண்டு பிந்தியது.

கேள்வி: அந்தக் காலத்தில் காயலுக்கு அரபுக் கப்பல் வந்துகொண்டே இருந்தது. பிறகு ஏன் இங்கே கறுப்புச் சாவு வரவில்லை?
*வாசகர், காயல்பட்டினம்*

நல்ல கேள்வி. மார்கோ போலோ வந்துபோன காலத்திலேயே ஹோர்முஸ், ஏடன் பக்கத்துக் கப்பல்கள் குதிரை ஏற்றிக்கொண்டு தாமிரபரணி முகத்துவாரத்துக் காயலுக்கு வந்தன. மக்காவுக்குப் பிளேக் 1349இல் போய்விட்டது, ஏமனுக்கு அதற்கடுத்த ஓரிரு ஆண்டில். ஆனாலும் 14ஆம் நூற்றாண்டில் அது தென்னாட்டுக்குள் வந்ததற்கு உறுதியான சான்று ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்போது மதுரையில் ஒரு கொள்ளை வந்தது. அதை நேரில் பார்த்து எழுதியவர் இப்னு பதூதா. 1340களின் நடுவில் மதுரை சுல்தான் கியாசுதீன் ஊர் திரும்பிய பின்னால் அவர் அங்கே போனபோது, கண்ட இடமெல்லாம் நோயாளியும் பிணமும்தான். படுத்தவர் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ செத்தார்கள், தள்ளிப்போனால் நான்காம் நாள். நல்ல உடம்போடு இருக்கிறாள் என்று சொல்லி விற்ற ஓர் அடிமைப் பெண்ணை அவர் வாங்கினார். மறுநாளே அவள் செத்தாள். சுல்தானின் வீட்டிலும் சாவு, பிறகு சுல்தானும் போனார். இப்னு பதூதாவுக்கும் கடும் காய்ச்சல். அங்கே தாராளமாகக் கிடைத்த புளியை ஒரு ராத்தல் அளவுக்குத் தண்ணீரில் கரைத்துக் குடித்ததாகவும், மூன்று நாள் வயிறு போய்க் குணமானதாகவும் எழுதுகிறார்.

இதுவே கறுப்புச் சாவு என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. மதுரைக் குறிப்பில் நெறி கட்டியதாக ஒரு சொல்லும் இல்லை. காலமும் பொருந்தவில்லை, கருங்கடல் துறைமுகத்துக்கே நோய் வந்தது 1346இல்தான். புளிக்கரைசல் பிளேக்கைக் குணப்படுத்தாது என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறோம்.

ஏன் வரவில்லை என்பதற்கு இரண்டு காரணம் சொல்லலாம். ஒன்று வெயில். 27, 28 டிகிரிக்கு மேல் போனால் தெள்ளின் வயிற்றில் அந்த அடைப்பு நிற்பதில்லை. வறண்ட சூட்டில் அதன் புழுவும் காய்ந்துவிடும். இரண்டாவது, தெள்ளின் இனம். பிளேக்கை நன்றாகக் கடத்துவது கியோபிஸ் என்ற இனம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பில் ஆராய்ந்த ஹர்ஸ்ட் என்ற மருத்துவர், அங்குள்ள எலிகளில் இருப்பது அதன் பங்காளியான ஆஸ்டியா என்று கண்டார். சென்னையிலும் அதுதான் மிகுதி. நோயைக் கடத்துவதில் ஆஸ்டியா மிக மட்டம். 1896இல் பம்பாயில் இறங்கிய பிளேக் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோது, பம்பாயும் பஞ்சாபும் பட்ட பாட்டை மதராஸ் மாகாணத்துச் சமவெளி படவில்லை. குளிர்ந்த மேட்டுப்பூமிதான் அதிகம் அடிபட்டது. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில் இருப்பதும் இதைத்தான் காட்டுகிறது. ஆனாலும் இங்கே காவல் இல்லாமல் இல்லை. இலங்கைத் தோட்டத்துக்குப் போனவர்களைத் தூத்துக்குடிப் பக்கம் தட்டப்பாறை முகாமிலும், பிறகு மண்டபத்திலும் நிறுத்திப் பார்த்துத்தான் கப்பலேற்றினார்கள்.

கேள்வி: மூன்றில் ஒரு பங்கு, பாதி என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். இவ்வளவு பேர் சாகக் காரணம் கிருமி மட்டும்தானா?
*ஆசிரியை, தென்காசி*

ஐரோப்பாவுக்கு மூன்றில் ஒன்றிலிருந்து பாதிவரை என்பதுதான் இன்று பொதுவாகச் சொல்லும் அளவு. எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இல்லை. ஏரிப் படிவில் கிடைத்த மகரந்தத்தை எண்ணி, எங்கே பயிர் குறைந்து காடு ஏறியது என்று பார்த்திருக்கிறார்கள். இத்தாலியிலும் பிரான்சிலும் பெரிய இழப்பு, போலந்தில் பயிர் தொடர்ந்து நடந்திருக்கிறது.

கிருமி விழுந்த நிலம் ஏற்கெனவே நலிந்திருந்தது. 1315 முதல் 1317 வரை வட ஐரோப்பாவில் விடாத மழை, விளைச்சல் அழுகிப் பெரும் பஞ்சம். அன்று குழந்தையாக இருந்து அரைவயிற்றில் வளர்ந்தவர்கள்தான் 1348இல் குடும்பஸ்தர்கள். லண்டனில் ஈஸ்ட் ஸ்மித்ஃபீல்டு என்ற இடத்தில் பிளேக்குக்கென்றே வெட்டிய இடுகாட்டு எலும்புகளைப் பார்த்தால், ஏற்கெனவே உடம்பு தேய்ந்திருந்தவர்களை நோய் அதிகம் வாரியது தெரிகிறது. மண் தரையும் வைக்கோல் கூரையும், தானியமும் ஆளும் ஒரே அறையில் என்ற வீடுகளும் சேர்ந்தால் எலிக்கு வேறென்ன வேண்டும்?

பாரிஸ் மருத்துவப் பேராசிரியர்களோ அரசன் கேட்டதற்கு 1348 அக்டோபரில் எழுத்திலேயே பதில் கொடுத்தார்கள். 1345 மார்ச்சில் சனி, வியாழன், செவ்வாய் மூன்றும் கும்ப ராசியில் சேர்ந்ததால் காற்று கெட்டது என்றார்கள். வானத்தைப் பார்த்தவர்கள் தரையைப் பார்க்கவில்லை.

கேள்வி: ஆள் குறைந்தால் கூலி கூடும் அல்லவா? பிழைத்தவர்கள் நன்றாக வாழ்ந்தார்களா?
*விவசாயி, சேரன்மகாதேவி*

இங்கிலாந்தில் கூடியது. எகிப்தில் ஊரே குலைந்தது. ஒரே நோய்க்கு இரண்டு முடிவு ஏன் என்பது ஆற்றுப்பாசனக்காரருக்கு நன்றாகப் புரியும்.

இங்கிலாந்தில் கதிர் முற்றி நிற்கிறது, அறுக்க ஆள் இல்லை. பிழைத்தவர்கள் இரட்டிப்புக் கேட்டார்கள், கொடுக்காவிட்டால் அடுத்த பண்ணைக்குப் போனார்கள். அரசு 1349 ஜூனில் ஆணையும் 1351இல் சட்டமும் போட்டது: கொள்ளைக்கு முன்னால் இருந்த கூலிக்கு மேல் கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. வைக்கோல் புல் உலர்த்த நாளுக்கு 1 பென்னி, ஆகஸ்ட் முதல் வாரம் கதிர் அறுக்க 2 பென்னி, இரண்டாம் வாரம் 3 பென்னி, தச்சருக்கு 3 பென்னி என்று வேலை வேலையாகப் பட்டியல். மீறியவர்களைத் தண்டித்தார்கள். ஆனால் பயிர் காத்திருக்காதே. பண்ணையார்களே மறைவாகச் சோறும் துணியும் கூட்டிக் கொடுத்து ஆள் பிடித்தார்கள். சட்டம் ஏட்டில் நின்றது, கூலி ஏறியது. அடக்கி வைத்த கோபம் தலைவரி போட்டபோது 1381இல் பெரும் கலகமாக வெடித்தது. அடிமைக்குடி முறை அதற்குப் பிறகு மெல்ல மெல்லத் தேய்ந்தது. இங்கிலாந்து நிலம் மழை நம்பிய நிலம் என்பதைக் கவனியுங்கள். ஒருவர் தன் வயலை விட்டுவிட்டாலும் பக்கத்து வயலுக்குச் சேதம் இல்லை. ஆளில்லாத நிலத்தில் ஆடு மேய்த்தார்கள். அதற்கு இடையர் ஒருவர் போதும்.

எகிப்து அப்படி இல்லை. நைல் வெள்ளத்தைக் கரை கட்டிப் பாத்தி பாத்தியாகத் தேக்கி, மண்ணில் ஈரம் இறங்கியதும் வடித்துவிட்டு விதைப்பார்கள். ஒவ்வொரு ஆண்டும் வெள்ளத்துக்கு முன்னால் கரை உயர்த்த வேண்டும், கால்வாய் வண்டல் அள்ள வேண்டும். பாதி ஆள் போனபின் பாதிக் கரை போட்டால் பாதி விளைச்சல் கிடைக்காது. மேலே ஒரு கரை உடைந்தால் கீழே இருக்கிற அத்தனை வயலும் போச்சு. கன்னடியன் கால்வாயில் ஆறு மடையைத் தூர் வாரி ஏழாவதை விட்டால் கடைமடைக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அன்று எகிப்தை ஆண்ட மம்லூக் நிலக்காரர்கள் கெய்ரோவில் இருந்தார்கள், கிராமத்தைப் பார்த்தது கிடையாது. நிலமானியம் கைமாறிக்கொண்டே இருந்ததால் கரையில் பணம் போட எவருக்கும் மனம் இல்லை. வரியை மட்டும் குறைக்கவில்லை. மிஞ்சிய குடிகள்மேல் செத்தவர் பங்கையும் சேர்த்து ஏற்றினார்கள். ஓடியவர்கள் நகரத்துக்கு ஓடினார்கள். தண்ணீர் கட்டுப்பாடு இல்லாமல் பாய்ந்த நிலத்தைக் களையும் மேய்ச்சலும் பிடித்தன. பிளேக் அடுத்தடுத்து நூறாண்டுக்கு மேல் திரும்பி வந்ததால் தேறவும் நேரம் கிடைக்கவில்லை.

ஆள் குறைந்தால் கூலி கூடும் என்ற கணக்கு, ஒருவரின் வேலை மற்றவரின் வேலையை நம்பி இல்லாத இடத்துக்குத்தான் பொருந்தும். பொதுத் தண்ணீரை நம்பிய நாட்டில் ஆள் குறைவே அழிவு.

கேள்வி: நோய்க்குப் பயந்து மனிதர்களே மனிதர்களைக் கொன்றதாகப் படித்தேன். எல்லா இடத்திலும் அப்படித்தானா?
*வாசகி, மேலப்பாளையம்*

எல்லா இடத்திலும் இல்லை, அதனால்தான் அந்தக் கொலைகள் இன்னும் கொடியவை. கிணற்றில் யூதர்கள் விஷம் கலந்தார்கள் என்ற வதந்தி 1348இல் கிளம்பியது. சவோய் நாட்டில் சித்திரவதை செய்து "ஒப்புதல்" வாங்கி, அதைக் கடிதமாக ஊர் ஊருக்கு அனுப்பினார்கள். யூதர்களும் அதே நோயில் சாகிறார்கள், அவர்கள் இல்லாத ஊரிலும் நோய் இருக்கிறது, பிறகு எப்படி அவர்கள் காரணம் என்று போப் ஆறாம் கிளமென்ட் ஆணையே போட்டார். கேட்கவில்லை. ஸ்ட்ராஸ்பர்கில் 1349 பிப்ரவரி 14 அன்று நூற்றுக்கணக்கானவர்களை எரித்துக் கொன்றார்கள். பிளேக் அந்த ஊருக்கு இன்னும் வந்தே சேரவில்லை. யூதர்களிடம் வாங்கிய கடன் பத்திரங்கள் ரத்தாயின, பணத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அந்தப் பங்கீட்டைப் பார்த்தபின் பயம் மட்டுமே காரணம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு டமாஸ்கஸில் நடந்ததையும் இப்னு பதூதாவே பார்த்து எழுதியிருக்கிறார். மூன்று நாள் ஊரே நோன்பு. நான்காம் நாள் விடியலில் அமீரும் ஏழையும் வெறுங்காலோடு நடந்தார்கள், முஸ்லிம்கள் குர்ஆனோடு, யூதர்கள் தோராவோடு, கிறிஸ்தவர்கள் சுவிசேஷத்தோடு, பெண்களும் பிள்ளைகளுமாக, ஒரே ஊர்வலமாக. அப்படிக் கூடுவது நுரையீரல் பிளேக்குக்கு நல்லதல்ல என்பது இன்று நமக்குத் தெரியும். ஆனாலும் ஒரே நோய்க்கு நடுவில் ஓர் ஊர் அண்டை வீட்டாரை எரித்தது, ஓர் ஊர் அண்டை வீட்டாரோடு சேர்ந்து அழுதது.

கேள்வி: கிருமி தெரியாத காலத்தில் எடுத்த நடவடிக்கையில் ஏதாவது பலித்ததா?
*சுகாதார ஆய்வாளர், அம்பாசமுத்திரம்*

பலித்தது. இத்தாலியில் பிஸ்டோயா நகரம் 1348 மே மாதத்திலேயே விதி எழுதியது. பழைய துணி, கம்பளி எதுவும் ஊருக்குள் வரக்கூடாது. பீசா, லூக்கா நகரத்தார் நுழையக்கூடாது. குழி இரண்டரை முழ ஆழத்துக்குக் குறையக்கூடாது. சாவு மணி அடிக்கக்கூடாது, நோயாளி பயந்துவிடுவார் என்று. அவர்கள் தடுக்க நினைத்தது கெட்ட காற்றை. ஆனால் பழந்துணி மூட்டை என்பது தெள்ளு மூட்டை. காரணம் தப்பு, காரியம் சரி.

ரகூசா, அதாவது இன்றைய துப்ரோவ்னிக், 1377இல் நோய் உள்ள இடத்திலிருந்து வருபவரை 30 நாள் வெளியே நிறுத்தியது. பிறகு அது 40 நாளாயிற்று. குவாரண்டைன் என்ற சொல்லே இத்தாலிய மொழியின் நாற்பதிலிருந்து வந்தது. மேலே சொன்ன மூன்று வாரக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள், 30 நாளுக்குள் அது அடங்கிவிடுகிறது. ஓட்டை எங்கே என்றால், ஆளை நிறுத்தினார்கள், கப்பல் எலியை நிறுத்தவில்லை. கயிறு வழியாக அது இறங்கிப் போய்விடும்.

எதிர்ப்பாடம் சூரத். 1994 செப்டம்பரில் அங்கே நுரையீரல் பிளேக் என்று செய்தி பரவியதும் லட்சக்கணக்கானவர்கள் ரயிலேறி ஓடினார்கள். இறந்தவர்கள் ஐம்பது பேருக்குச் சற்று மேல். ஓடியவர்களால் பெரிய பரவல் நேராதது அதிர்ஷ்டம், ஏனென்றால் நோய் தொற்றியவர் சில நாள்வரை நன்றாகவே நடமாடுவார்.

கேள்வி: எலிக்காய்ச்சலும் பிளேக்கும் ஒன்றா? பிசான அறுப்பு முடிந்தால் வீட்டுக்குள் எலி வந்துவிடுகிறது. செத்துக் கிடந்தால் என்ன செய்ய வேண்டும்?
*வாசகர், வீரவநல்லூர்*

ஒன்றல்ல. எலிக்காய்ச்சல் என்று நாம் சொல்வது லெப்டோஸ்பைரோசிஸ். எலி மூத்திரம் கலந்த சேற்றுத் தண்ணீர் காலில் உள்ள வெடிப்பு, புண் வழியாக உள்ளே போவதால் வருவது. கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, முற்றினால் மஞ்சள் காமாலை. நெறி கட்டி வலிப்பது அதன் அடையாளம் இல்லை. நம் மாவட்டத்தில் பயப்பட வேண்டியது இதற்குத்தான். வயலில் இறங்கும் முன் புண்ணை மூடிக் கட்டுங்கள், கரையேறியதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், காய்ச்சல் என்றால் வயல் வேலை செய்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பிளேக் கிருமி நாட்டைவிட்டு முழுக்கப் போய்விடவில்லை. கிருஷ்ணகிரி, கோலார், சித்தூர் மூன்றும் சேரும் எல்லைப் பகுதியில் வெள்ளெலி வளைகளில் அது இருந்து வந்திருப்பதால் சுகாதாரத் துறையினர் எலியைப் பிடித்துச் சோதிக்கிறார்கள். வீட்டெலி கொத்தாகச் சாவதுதான் முதல் அடையாளம்.

ஒரு எலி செத்துக் கிடந்தால் பதற வேண்டாம். பக்கத்து வீட்டில் மருந்து வைத்தார்களா என்று முதலில் கேளுங்கள். இப்போது விற்கும் புரோமடியோலோன் கட்டியைத் தின்ற எலி நான்கு நாள் முதல் ஒரு வாரம் கழித்துத்தான் சாகும், வேறு வீட்டிலும் விழும். எவரும் மருந்து வைக்காமல், இரண்டு மூன்று நாளுக்குள் பல எலிகள் செத்து விழுந்தால், அல்லது பட்டப்பகலில் தள்ளாடி நடந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ 104க்கோ சொல்லுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள். வாரியலால் பெருக்கித் தள்ளாதீர்கள். ஆறுகிற உடம்பை விட்டுத் தெள்ளு குதித்து அலைகிற நேரம் அது. பிள்ளைகள், நாய், பூனை எதையும் கிட்ட விடாதீர்கள்.

இங்கே எல்லோரும் செய்கிற தப்பு, உடனே பொறி வைத்து மிச்ச எலியையும் கொல்வது. நோய் இருக்குமானால் அந்த வேலை தெள்ளுகளை வீடில்லாமல் ஆக்கி உங்கள்மேல் ஏவிவிடும். முதலில் வளை வாயிலும் எலி ஓடும் தடத்திலும் பூச்சிமருந்துப் பொடி தூவித் தெள்ளைக் கொல்ல வேண்டும், எலி அதற்கப்புறம். பொடி தூவுவதைச் சுகாதாரப் பணியாளர்களே செய்யட்டும். நோய் என்று சந்தேகம் வந்தால் ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்துகள் நன்றாகக் கேட்கும். பெனிசிலின் கேட்காது. நுரையீரல் வகைக்கு முதல் 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், அதனால் கடையில் மாத்திரை வாங்கிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருக்கக்கூடாது.

சாதாரண நாளில் செய்ய வேண்டியது வேறு. நெல் மூட்டையைத் தரையில் போடாமல் பலகைமேல் அடுக்குங்கள், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி. இடைவெளி இருந்தால்தான் எலிப் புழுக்கை கண்ணில் படும். அரை அங்குல ஓட்டை எலிக்குப் போதும். வெறும் மண்ணால் அடைத்தால் ஒரே ராத்திரியில் பறித்துவிடும், கண்ணாடிச் சில்லைச் சிமென்டில் குழைத்து அடையுங்கள். கதவின் அடியில் தகரம் அடியுங்கள். கூரையைத் தொடும் மரக்கிளையையும் தென்னை மட்டையையும் வெட்டிவிடுங்கள். பொறியை நடுவீட்டில் வைத்தால் விழாது. எலி சுவரை உரசித்தான் ஓடும், ஆகவே சுவருக்குக் குறுக்காக, இரை உள்ள முனை சுவரைத் தொடுகிற மாதிரி வையுங்கள். புதுப் பொருளைக் கண்டால் எலி இரண்டு நாள் ஒதுங்கும். சுட்ட தேங்காய்ச் சில்லையோ கருவாட்டையோ வைத்து, வில்லை ஏற்றாமல் இரண்டு மூன்று ராத்திரி தின்னவிட்டு, அதற்கடுத்த ராத்திரி ஏற்றுங்கள்.